முப்பத்தாறாம் நம்பர் பூட்ஸ்

சைராகானின் இடது காலில் இப்போது விரல்கள் இல்லை. எப்படிப் போயின என்று ஊரில் யாரைக் கேட்டாலும், ஆற்றுப் பாலத்தண்டை விழுந்துவிட்டாள், பனி கடித்துவிட்டது என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி எனக்குத் தெரியும்.

நான் கோக்-சாய் தபால் நிலையத்தின் தலைமைக்காரி. பெயர் கென்ஜெகான். இருபத்தாறு வருஷமாக அதே ஜன்னல், அதே நிலக்கரி அடுப்பு. எனக்குக் கீழே நான்கு தபால்காரிகள். அவர்களில் சைராகான்தான் குட்டை. வாய் மட்டும் நீளம். நாற்பத்து மூன்று வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு குடியிருப்புகள் அவள் பொறுப்பு. போகவர பதினோரு கிலோமீட்டர். சட்டைப்பையில் ஒரு கை குருத் போட்டுக்கொண்டு கிளம்புவாள். அந்த உப்புத் தயிருருண்டை ஒவ்வொன்றாக வாயில் ஊறிக்கொண்டிருக்கும் வரை அவள் பேசாமல் நடப்பாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை உடைப்படி என்று பணமாகக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பெண்கள் நாரின் சந்தைக்குப் போய் கம்பளி பூட்ஸும், மேலே மாட்ட ரப்பர் உறையும் வாங்கிக்கொள்வார்கள். யார் என்ன நிறத்தில் போட்டார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தலைநகரில் யாருக்கோ அது பிடிக்கவில்லை. நாடு முழுக்கத் தபால்காரர்கள் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று படி நின்றது. சீருடை வரும் என்று சுற்றறிக்கை வந்தது. நீலநிறப் பஞ்சு ஜாக்கெட், தொப்பி, காற்சட்டை, குளிர்கால பூட்ஸ். ஜாக்கெட்டுக்கு ஆயுள் இரண்டு வருஷம், பூட்ஸுக்கு மூன்று. ஆயுள் முடியும்முன் கிழிந்தாலும் தொலைந்தாலும் போட்டவர் பாடு.

மார்ச் மாதம் எல்லாருடைய அளவையும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான் நாடாவை வைத்து ஒவ்வொருத்தியையும் அளந்தேன். சைராகானுக்குக் கால் முப்பத்தாறு.

நவம்பரில் மூன்று சாக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லா பூட்ஸும் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. ஜாக்கெட்டுகள் ஆண்பிள்ளை அளவு. சைராகான் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றாள். கை நுனி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"அக்கா, இது தனியாளுக்குக் குடுத்ததா, குடும்பத்துக்குக் குடுத்ததா? இதுக்குள்ள நானும் எம் புருஷன் மெதெர்பெக்கும் படுத்தா நடுவுல பசுங்கன்னுக்கும் இடம் இருக்கும் போலிருக்கே."

மற்ற மூவரும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நாரினில் இருக்கும் வட்டாரக் கிடங்குக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நான் முப்பத்தாறுன்னு எழுதி அனுப்பினேன். நாப்பத்திரண்டு வந்திருக்கு."

"பில்லுல என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தாறுன்னுதான் போட்டிருக்கு."

"அப்பறம் என்னம்மா? சரியாத்தானே வந்திருக்கு."

"காகிதம் சரியா வந்திருக்கு அண்ணே. பூட்ஸ்தான் சரியா வரல."

கிடங்குக்காரர் பெருமூச்சு விட்டார். அவருக்கு அன்றைக்கு என்னைப்போல எத்தனை பேரோ. "கேளும்மா. மேலேர்ந்து எனக்கு வந்ததே அவ்வளவுதான். நீ திருப்பி அனுப்பினா இந்த வருஷ ஒதுக்கீடு ரத்தாயிடும். அப்பறம் மூணு வருஷத்துக்கு உங்க ஆபீசுக்கு ஒரு தொப்பிகூடக் கிடையாது. பேசாம கையெழுத்து வாங்கி வச்சிக்க. ரெண்டாவது காலாண்டுல மாத்தித் தரேன்."

"எழுதித் தருவீங்களா?"

"எழுதித் தர முடிஞ்சா நான் ஏம்மா போன்ல சொல்றேன்?"

பதிவேட்டை விரித்தேன். நான்கு பேரையும் கூப்பிட்டேன். சைராகானின் வரியில், 'குளிர்கால பூட்ஸ், அளவு முப்பத்தாறு, ஒரு ஜோடி, பெற்றுக்கொண்டேன்.' சைராகான் பேனாவை வாங்கியவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

"அக்கா, இதுல வில்லங்கம் ஒண்ணும் வராதே?"

"என்ன வில்லங்கம்? ஏப்ரல்ல மாத்தித் தராங்க. போடு."

போட்டாள். நான் சொன்னால் அவள் போடுவாள். அவளை வேலையில் சேர்த்ததே நான்தான்.

பூட்ஸை ஆபீசில் வைக்க முடியாது, கொடுத்ததாக எழுதியாயிற்று. அதனால் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் புருஷன் மெதெர்பெக்குக்கு நாற்பத்திரண்டு அளவாக இருந்தது. மாட்டுக்கு வைக்கோல் போட அதை மாட்டிக்கொண்டு போனான். அவள் பழையபடி தன் கம்பளி பூட்ஸில் நடந்தாள்.

டிசம்பரில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. சீருடை இல்லாமல் தபால் கொடுப்பவருக்குச் சம்பளப் பிடித்தம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஊழியர்கள் முழுச் சீருடையில் வரிசையாக நின்று படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். உச்சந்தலை முதல் கால்வரை தெரிய வேண்டும்.

எங்கள் திங்கட்கிழமைகள் இப்படித்தான் போயின. சைராகான் அந்த பூட்ஸைச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவாள். ஒட்டியிருக்கும் சாணியை வாசலில் பனியில் தேய்ப்பாள். உள்ளே பழைய பேப்பரைத் திணித்துக் காலை விடுவாள். ஜாக்கெட்டின் முதுகுப்பக்கத்தை இழுத்து, துணி காயப்போடும் கிளிப் ஐந்தாறு மாட்டிவிடுவேன். முன்னாலிருந்து பார்த்தால் தைத்து எடுத்ததுபோல இருக்கும்.

"மூச்சு விடாதடி, கிளிப் தெறிக்குது."

"மூச்சுக்கும் அளவு எழுதி அனுப்பியிருந்தா ஒரு சைஸ் குடுத்திருப்பாங்கக்கா."

படம் போனது. வட்டார அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: 'கோக்-சாய் நிலையம் மற்றவர்களுக்கு முன்மாதிரி.' அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். அப்போது அது எங்களுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

ஜனவரி மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. காலையில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி உறைகுளிர். ஆற்றில் ஐஸின் மேலேயே தண்ணீர் பெருகி வந்து, அதன்மேல் மெல்லிய ஏடு கட்டியிருந்தது. பாலத்துக்கு ஏறும் இடத்தில் அவள் அந்த ஏட்டை மிதித்துவிட்டாள். கால் முழங்கால்வரை உள்ளே போனது. வெளியே இழுக்கும்போது வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. விழும்போதும் பையைக் கரைமேல் எறிந்துவிட்டிருக்கிறாள். கம்பளி பூட்ஸ் உலர்ந்திருக்கும்வரை தாய்மடி மாதிரி. நனைந்தால் கல். அவள் காலோடு சேர்ந்து உறைந்துபோனது. இரண்டரை மணி நேரம் கழித்து வைக்கோல் சறுக்குவண்டியோடு வந்த ஒருவன் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான்.

நாரின் ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கத்தரித்து எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் ஐந்து விரலையும் எடுத்தார்கள்.

நான் ஆட்டுக்கால் சூப்பைப் பாத்திரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முகம் சுருங்கி, கட்டிலில் இன்னும் குட்டையாகத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பை கெடைச்சுதாக்கா?" என்பதுதான்.

"கெடைச்சுது. ஒரு கடுதாசிகூட நனையல."

"அப்ப சரி." காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். "இனிமே முப்பத்தாறும் வேண்டாம்க்கா. இந்தக் காலுக்குச் சின்னப்பிள்ளை சைஸே போதும்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வேலை நேரத்தில் அடிபட்டால் இலாகா நஷ்டஈடு தர வேண்டும். அது சட்டம். அதை விசாரிக்க வட்டார அலுவலகத்திலிருந்து அல்மான்பெத் என்பவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. வாசலில் காலணிப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, முதலில் என் குழந்தைகள் நலம் கேட்டார், மாடு கன்று நலம் கேட்டார். பிறகு பதிவேட்டைக் கேட்டார்.

"சம்பவத்தப்ப அவங்க கால்ல என்ன இருந்துச்சுக்கா?"

"கம்பளி பூட்ஸ். அவளோட சொந்தம்."

"இலாகா பூட்ஸ்?"

"வீட்ல இருந்துச்சு."

அவர் விரலால் வரியைத் தடவினார். "முப்பத்தாறு, ஒரு ஜோடி, கையெழுத்து." போனை எடுத்து எங்கள் திங்கட்கிழமைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். விபத்துக்கு முந்தின நாள் எடுத்தது. சைராகான் வரிசையில் மூன்றாவதாக, கன்னம் சிவக்க, நேராக நிற்கிறாள். "முந்தின நாள் போட்டிருக்காங்க. நல்லாப் பொருந்தியிருக்கு. அடுத்த நாள் ஏன் போடல?"

"தம்பி, அது முப்பத்தாறு இல்ல. நாப்பத்திரண்டு. உள்ள பேப்பர் வச்சிருக்கோம். முதுகுல கிளிப் போட்டிருக்கோம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அக்கா, நீங்க இப்ப சொன்னத நான் எழுதணுமா?"

"உண்மை அதுதானே?"

"எழுதினா என்ன ஆகும்னு சொல்றேன், அப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்க. வாங்காததை வாங்கினதாப் பதிவேட்டுல எழுதினது நீங்க. அது குற்றம். கையெழுத்துப் போட்டது அவங்க. அதுவும் குற்றம். மத்த மூணு பேரும் அப்படியே. கிடங்குல கேட்டா பில்லக் காட்டுவாங்க, அதுல முப்பத்தாறுன்னு இருக்கு. அவங்க மேல ஒரு தூசி ஒட்டாது. அஞ்சு பேருக்கு வேலை போகும். சைராகானுக்கு நஷ்டஈடு அப்பவும் கெடைக்காது. பொய்க் கையெழுத்து போட்டவங்களுக்கு யாரு குடுப்பா?"

"அப்ப அவளுக்கு என்னதான் வழி?"

"எனக்குத் தெரியலக்கா." அதை அவர் மனசாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். "எங்கம்மாவும் தபால்காரிதான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு மறுபடி பேனாவை எடுத்தார்.

அன்று அவரை நான் எழுதச் சொல்லவில்லை. மற்ற மூன்று பெண்களில் ஒருத்தி விதவை. இன்னொருத்தியின் மகன் படிப்புக்கு அவள் சம்பளம்தான். இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். பயம் என்பதுதான் முதல் காரணம்.

அறிக்கை வந்தது. 'வழங்கப்பட்ட பாதுகாப்புக் காலணியை அணியாமல் சென்றதால், ஊழியர் தன் கவனக்குறைவினால் காயமடைந்தார். தபால்களுக்குச் சேதம் இல்லை.'

அதைப் படித்ததும் எனக்குத் தாங்கவில்லை. மெதெர்பெக்கிடம் போய் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றேன். அவன் கொட்டிலில் நின்று வெகு நேரம் பசுவின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். "எழுதுறதும் எழுதாததும் உங்க மனசு அக்கா. அவ உங்களக் குத்தம் சொல்லல. நான் சொல்றேனான்னு கேக்காதீங்க" என்றான்.

எழுதினேன். வட்டார அலுவலகத்துக்கு நான்கு பக்கம். பெண்களை விட்டுவிட்டு, எல்லாம் என் உத்தரவு, என் தவறு என்று எழுதினேன். நாற்பத்திரண்டு என்று அடியில் அச்சடித்திருக்கும் பூட்ஸைப் படம் எடுத்து இணைத்தேன். பெட்டியில் என் துணிமணிகளை அடுக்கி வைத்தேன். போலீசிலிருந்து யாராவது அழைத்துப் போக வருவார்கள் என்று நினைத்தேன். மூன்று வாரம் காத்திருந்தேன். என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. விசாரிக்கக்கூட யாரும் வரவில்லை. ஒரு வரியில் பதில் வந்தது: 'தங்கள் விளக்கம் ஆவணங்களுடன் பொருந்தாததால் ஏற்பதற்கில்லை.'

அத்தோடு இன்னொரு காகிதம் இணைத்திருந்தார்கள். சைராகான் இனி நடை வேலைக்குத் தகுதியற்றவர் என்பதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஆயுட்காலம் முடியாத சீருடைப் பொருள்களைப் பத்து நாளில் நிலையத் தலைவர் திரும்பப் பெற்றுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்.

வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன். மார்ச் கடைசி, முற்றமெல்லாம் சேறும் பனியுமாக இருந்தது. சைராகான் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். படித்தாள்.

"தொப்பியுமா?"

"தொப்பியும்."

"தொப்பி மட்டுந்தான்க்கா எனக்கு அளவா இருந்துச்சு."

மகளைக் கூப்பிட்டு ஜாக்கெட்டையும் காற்சட்டையையும் தொப்பியையும் எடுத்துவரச் சொன்னாள். எல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தது. பூட்ஸ் மட்டும் இல்லை. மெதெர்பெக் அப்போதுதான் வைக்கோலோடு வாசலுக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டான். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். ஈரத் துணியால் ஒன்றை முழுக்கத் துடைத்து என் பக்கத்தில் வைத்தான், பிறகு மற்றதைத் துடைத்தான். காலுறையோடு எழுந்து சேற்றில் இறங்கி, மீதி வைக்கோலை எடுக்கப் போனான்.

"ஏய், ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டுப் போய்யா!" என்று சைராகான் உள்ளிருந்து கத்தினாள். அவன் திரும்பவில்லை.

நான் சாக்கைக் கட்டினேன்.

"சைராகான், என்ன ஒரு வார்த்த திட்டிடேன்."

"திட்டினா விரல் முளைக்குமாக்கா?" நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முளைக்கும்னா சொல்லுங்க. எனக்குத் திட்டத் தெரியாதா என்ன?"

எழுந்தேன். அவள் ரொட்டித் தட்டைத் தரையில் என் பக்கம் தள்ளினாள். "வாயில வைக்காமப் போகாதீங்க. வீட்டுக்கு ஆகாது."

ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

கிடங்குக்கு அனுப்பும் ஒப்படைப்புச் சீட்டில் உண்மையை எழுதினேன்: 'குளிர்கால பூட்ஸ், அளவு நாற்பத்திரண்டு, ஒரு ஜோடி.' ஐந்தாம் நாள் சாக்கும் சீட்டும் திரும்பி வந்தன. நாற்பத்திரண்டு என்று எதுவும் கோக்-சாய்க்கு வழங்கப்படவில்லை, சரியாக எழுதி அனுப்பவும் என்று சிவப்பு மையில் இருந்தது. கிடங்குக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பூட்ஸோட அடியப் பாருங்க. அச்சுலயே போட்டிருக்கு."

"பாத்தேம்மா. எனக்குக் கண்ணு தெரியும்." இந்தமுறை அவர் குரல் தாழ்ந்திருந்தது. "கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய? பத்து நாள் தாண்டினா அந்தப் பொண்ணோட கடைசிச் சம்பளத்துல பிடிச்சிருவாங்க. அதையாவது காப்பாத்து."

இரண்டு நாள் அந்தச் சீட்டு என் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் புதுச் சீட்டு எடுத்து முப்பத்தாறு என்று எழுதினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக இதுவரை யாரும் கிடைக்கவில்லை. அங்கே உள்ளவர்கள் தாங்களே வந்து வாங்கிப் போகிறார்கள். சைராகானுக்கு வீட்டில் அடிபட்டவர்களுக்கு அரசு தரும் சின்னத் தொகைதான் மாதாமாதம் வருகிறது. அதை வாங்கத் தடியை ஊன்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வருகிறாள். வரிசையில் முன்னால் வரச் சொன்னால் வர மாட்டாள். நாற்காலி போட்டால் உட்கார மாட்டாள். சுவரில் சாய்ந்து, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நிற்பாள். முறை வந்ததும் வைக்கோல் விலையைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது பேசுவாள். அவள் பகடி கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. அது என்னைத் தவிர மற்ற எல்லாரிடமும்.

போன வாரம் வந்துவிட்டுக் கிளம்பினாள். முற்றத்தில் இந்தக் குளிர்காலத்து முதல் ஐஸ் பிடித்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடியை முன்னால் ஊன்றுகிறாள், சோதிக்கிறாள், ஒரு அடி வைக்கிறாள். மறுபடி ஊன்றுகிறாள். கேட்டுவரை முப்பது அடிகூட இருக்காது.

வரிசையில் நின்றவர் பலகையைத் தட்டினார். "அக்கா, எங்க பாக்குறீங்க? என் சீட்டப் பாருங்க."

நான் சீட்டை வாங்கினேன்.